குண்டு டயர் மேல் விழும் வீண்பழி

செஞ்சியில் எந்தச் சைக்கிள் கடை வாசலில் நின்று பேச்சுக் கொடுத்தாலும் இந்தத் தீர்ப்பு காதில் விழும்: "குண்டு டயர் சைக்கிளா? அது சும்மா ஷோவுக்கு. டயர் இழுக்கும், மிதிக்க முடியாது." பையனுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த அப்பாக்களும் இதையேதான் சொல்கிறார்கள். வாங்கிய வண்டி சில மாதங்களில் மாடிப்படிக்குக் கீழே முடங்கியதைப் பார்த்தவர்கள் என்பதால் அவர்கள் பேச்சை எவரும் மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன். வண்டியை மிதிக்க முடியவில்லை என்பது உண்மை. அதற்குக் காரணம் டயர் என்பது தவறு. வண்டியின் நடுவில், மிதிக்கிறவரின் இரண்டு காலுக்கும் இடையில் இருக்கிற கிராங்க் செட் பொருத்தமில்லாமல் வருகிறது. பொருத்தமில்லாததைக் கழற்றி இன்னொன்றைப் போடும்போதும் அளவு பார்க்காமல் சுத்தியலால் அடித்து மாட்டுகிறோம். பழி மட்டும் டயருக்குப் போகிறது.

முதலில் டயருக்கு உரிய பங்கைக் கொடுத்துவிடுகிறேன். நாலு அங்குல டயரில் காற்று குறைவாக இருந்தால் தார்ச்சாலையில் இழுக்கத்தான் செய்யும். மணலில் பத்து பி.எஸ்.ஐ. அல்லது அதற்கும் கீழே ஓட்ட வேண்டிய டயர் இது. தாருக்கு இருபது பக்கம் ஏற்றிக்கொண்டால் இழுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பம்பு ஒன்று வீட்டில் இருந்தால் தீருகிற விஷயம். ஆனால் காற்றைச் சரியாக வைத்திருக்கிறவர்களும் திண்டிவனம் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் தொடை எரிய இறங்கித் தள்ளுகிறார்களே, அதற்கு என்ன பதில்?

பதில் ஒரு சாதாரணக் கணக்கில் இருக்கிறது. 26 அங்குல வண்டி என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். 26 என்பது ரிம்மின் வகைப் பெயர் மட்டும்தான். ரிம்மின் விட்டம் 559 மி.மீ.; அதன் மேல் இரண்டு பக்கமும் நாலு அங்குல டயர் ஏறி நின்றால் சக்கரத்தின் முழு விட்டம் 750 மி.மீ.க்குக் குறையாது. அதாவது, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.35 மீட்டர் ஓடும். அதே ரிம்மில் சாதாரண மலைச் சைக்கிளின் 1.95 அங்குல டயர் இருந்தால் ஒரு சுற்றுக்கு 2.06 மீட்டர்தான். டயரை மாற்றியதிலேயே ஒவ்வொரு கியரும் 14 சதவீதம் கனத்துவிட்டது. இதைப் பார்த்து வண்டி செய்கிறவர் முன்பக்கச் செயின் வீலைச் சின்னதாக்கியிருக்க வேண்டும். மலிவு வண்டிகளில் நடப்பதோ, மலைச் சைக்கிளுக்கு வாங்கிய 24, 34, 42 பல் கிராங்க் செட்டை அப்படியே இதிலும் மாட்டி அனுப்புவது.

42 பல்லில் செயின் கிடக்கும்போது, பின்னால் 14 பல்லில் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, 7 மீட்டர் ஓட வேண்டும். நம் தாத்தா காலத்து ஒற்றை கியர் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னால் 44, பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால் அது ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர்தான் ஓடும். நெல் மூட்டையையும் பால் கேனையும் சுமந்த அந்த வண்டியைவிடக் கனமான கியரை, இருபது கிலோ எடையுள்ள வண்டியில் வைத்து, பதினைந்து வயதுப் பையனிடம் கொடுத்து மிதிக்கச் சொல்கிறோம். அவன் மூச்சு வாங்கி இறங்கினால் டயரைக் காட்டுகிறோம்.

ஏற்றத்துக்கு வருவோம். செஞ்சியைச் சுற்றிப் பெரிய மலைப்பாதை எதுவும் இல்லை; கோட்டைக் குன்றுகளான ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் படி ஏறிப் பார்க்க வேண்டியவை, அங்கே சைக்கிளுக்கு வேலை கிடையாது. சைக்கிளைச் சோதிப்பவை சின்னச் சின்ன ஏற்றங்கள்: ஏரிக்கரை மேல் ஏறும் மண் பாதை, சிங்கவரம் பக்கத்துக் குன்றடி, பக்கமலை அடிவாரத்துச் சரளை. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயர்கிற ஓர் ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ. 42-க்கு 28 என்ற கியரில், நிமிடத்துக்கு 60 மிதி என்றால் வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 12.7 கி.மீ. அந்த வேகத்தில் ஏற்றத்துக்கு மட்டுமே 160 வாட்டுக்கு மேல் வேண்டும். மண்ணின் இழுப்பு தனி. பயிற்சியில்லாத ஒருவரால் தொடர்ந்து தர முடிந்தது ஏறக்குறைய நூறு வாட். முன்னால் 30 பல் இருந்தால் அதே 60 மிதிக்கு வேகம் மணிக்கு 9 கி.மீ., ஏற்றத்துக்கு வேண்டியது 116 வாட். பின்னால் 28-க்குப் பதில் 34 பல் இருந்தால் வேகம் ஏழரைக்கு இறங்கி, நூறு வாட்டுக்குக் கீழே வந்துவிடும். டயர் அதே டயர்தான். மாறியது பல் எண்ணிக்கை மட்டும்.

இந்த இடத்தில் கடைக்காரர் குறுக்கிடுவார்: "அதுக்குத்தான் சார் முன்னாடி மூணு வீல் வச்சிருக்கு. 21 கியர். ஏத்தத்துல 24-க்கு மாத்திக்க வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

21 என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறேன். பின்சக்கரத்தில் இருக்கிற வழக்கமான ஏழு அடுக்கு ஃப்ரீவீலில் 14, 16, 18, 20, 22, 24, 28 என்று பற்கள் இருக்கும். 42-க்கு 28 போட்டாலும், 24-க்கு 16 போட்டாலும் விகிதம் ஒன்றரையேதான். 34-க்கு 28-ம், 24-க்கு 20-ம் கிட்டத்தட்ட ஒரே விகிதம். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் 21-இல் ஏழு கியர் இன்னொன்றின் மறுபதிப்பு. அது போகட்டும். மலைச் சைக்கிளில் சிக்கலில்லாமல் வேலை செய்கிற மூன்று வீல், குண்டு டயரில் வேறு ஒரு தொல்லையைக் கொண்டுவருகிறது. 24 பல் வீல் மூன்றிலும் உட்புறமாக, சட்டத்தை ஒட்டி இருக்கிறது. பின்னால் 28-ம் உட்புறக் கடைசி. இரண்டையும் சேர்த்துச் செயின் போட்டால் அது டயரின் பக்கச் சுவரை ஒட்டிப் போகும். மண் ஒட்டிய டயர் என்றால் உரசியே போகும். உரசும் சத்தம் கேட்டதும் செயினை வீல் விட்டு வீல் மாற்றும் முன்பக்க டீரெய்லரைக் கடைக்காரரே கட்டிப் போட்டுவிடுகிறார், அல்லது பையனே பயந்து 42-ஐ விட்டு இறங்குவதில்லை. ஆக, எந்த ஏற்றத்துக்காக 24 பல் வைத்ததாகச் சொல்கிறார்களோ அந்த ஏற்றத்தில் அது பயன்படுவதே இல்லை.

இதற்கு மாற்று, முன்னால் ஒரே ஒரு 30 பல் வீல், பின்னால் 14 முதல் 34 வரையிலான ஃப்ரீவீல். அதன் மிகச் சிறிய கியர் ஒரு மிதிக்கு 2.07 மீட்டர். மூன்று வீல் வண்டியின் 24-க்கு 28 தருவது 2.01 மீட்டர். வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லை. மேல் கியரில் இழப்பு உண்டு, மறைக்கவில்லை: 30-க்கு 14-இல் நிமிடத்துக்கு 80 மிதித்தால் மணிக்கு 24 கி.மீ.தான் வரும். குண்டு டயரில் அதற்கு மேல் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் வேறு சைக்கிள் வாங்க வேண்டும். ஒற்றை வீலில் செயின் நழுவும் என்ற பயத்துக்கும் பதில் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. 2012-இல் ஸ்ராம் நிறுவனம் எக்ஸ்எக்ஸ்1 என்ற தொகுப்போடு ஒரு பல் தடித்தும் அடுத்த பல் மெலிந்தும் மாறி மாறி வரும் வீலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செயினின் கண்ணிகளும் அகலமும் குறுகலுமாக மாறி மாறித்தானே இருக்கின்றன. தடித்த பல் அகலக் கண்ணியில் இறுக்கமாக உட்காரும். இப்போது அந்த வகைப் பல் சாதாரண விலை வீல்களிலும் கிடைக்கிறது.

"பெரிய வீல் போட்டால் ஸ்பீடு" என்ற நம்பிக்கையின் தம்பி ஒருவன் இருக்கிறான்: "நீளக் கிராங்க் போட்டால் பலம்." 170 மி.மீ. கையைக் கழற்றி 175 போட்டால் கிடைக்கும் கூடுதல் நெம்புதல் 3 சதவீதம். 42-ஐ 30 ஆக்கினால் மிதியின் கனம் 29 சதவீதம் குறைகிறது. ஐந்தரை அடிக்குக் குறைவான உயரம் உள்ளவருக்கு நீளக் கை முழங்காலைக் கூடுதலாக மடக்க வைக்கும். பாறையும் சரளையுமாக இருக்கிற நம் பாதைகளில் பெடல் கல்லில் இடிக்கவும் செய்யும். 170 போதும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது அடுத்த நம்பிக்கையைப் பற்றி. மிக அதிகச் சேதம் செய்வது அதுதான்: "கிராங்க் எல்லாம் ஒண்ணுதான் சார், எதை வேணாலும் போடலாம்."

சாதாரணச் சைக்கிளில் இது ஓரளவு பலிக்கும். பெடல் ஆக்சில் நுழையும் குழாயை, அதாவது பாட்டம் பிராக்கெட் ஷெல்லை, பெரும்பாலான வண்டிகளில் 68 அல்லது 73 மி.மீ. அகலத்தில் செய்கிறார்கள். குண்டு டயருக்கு அந்த அகலம் போதாது. சட்டத்தின் பின்கால்கள் டயரை விட்டு விலகிப் போக வேண்டும், செயின் அதற்கும் வெளியே போக வேண்டும், கிராங்க் அதற்கும் வெளியே சுற்ற வேண்டும். 2005-இல் அமெரிக்காவின் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற பெயரில், பெருமளவில் தயாரித்து விற்ற முதல் குண்டு டயர் வண்டியைக் கொண்டுவந்தபோதே ஷெல்லை 100 மி.மீ. ஆக்கிவிட்டார்கள். அதன் டயர் 3.7 அங்குலம். பிறகு ஐந்து அங்குலம் வரை டயர் தடித்ததும் 120 மி.மீ. ஷெல் வந்தது. ஆக, நம் கையில் இருக்கிற வண்டி 100-ஆ, 120-ஆ, வேறு ஏதாவதா என்பது தெரியாமல் கிராங்க் வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போன்றது. விளம்பரத்தில் டயர் அளவைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் ஷெல் அகலத்தைப் போடுவதில்லை. அதனால் நாமே அளக்க வேண்டும். கிராங்க்கையும் பேரிங்கைத் தாங்கும் கப்புகளையும் கழற்றிவிட்டு, குழாயின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை வெர்னியரால் பிடிக்க வேண்டும். கப்போடு சேர்த்து அளந்தால் கணக்குத் தப்பும்.

இரண்டாவது அளவு, செயின் போகும் கோடு. சட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து செயின் வீல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது அது. மலைச் சைக்கிளில் 50 மி.மீ. பக்கம் இருக்கும். நாலு அங்குல டயருக்குச் செய்த கிராங்க்குகளில் 66, ஐந்து அங்குலத்துக்கு 76 என்ற அளவுகளைப் பார்க்கலாம். பின்னால் இருக்கிற ஏழு பற்களில் நடுப்பல் எங்கே நிற்கிறதோ அதற்கு நேராக முன் வீல் நிற்க வேண்டும். உள்ளே தள்ளினால் டயரில் உரசும். வெளியே தள்ளினால் செயின் கோணலாக ஓடி, பெரிய பல்லில் சலசலத்துச் சீக்கிரம் தேயும்.

மூன்றாவது அளவை உடம்பு சொல்லும். இரண்டு பெடலுக்கும் இடையே உள்ள அகலம் ரோடு சைக்கிளில் 150 மி.மீ. அளவில் இருக்கும், குண்டு டயர் வண்டியில் 200-ஐத் தாண்டும். இதைக் காட்டி "முட்டிக்குக் கெடுதல்" என்று மொத்த வண்டியையும் ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அகலம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் 100 மி.மீ. ஷெல் வண்டிக்கு 120-க்கான ஆக்சிலை வாங்கி, இரண்டு பக்கமும் வாஷர் கொடுத்து நிரப்பி மாட்டுகிறார்களே, அங்கேதான் தேவையில்லாத அகலம் சேர்கிறது. டயரையும் சட்டத்தையும் தொடாமல் சுற்றக்கூடிய கிராங்க்குகளில் மிகக் குறுகியது எதுவோ அதை வாங்குவதே சரி.

வாங்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மலிவுக் கிராங்க்கில் மூன்று வீலையும் ரிவிட் அடித்து ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். தேய்ந்தால் தனியாக மாற்ற வழியில்லை, முழு செட்டையும் தூக்கிப் போட வேண்டும். வீலைப் போல்ட்டால் இணைத்த கிராங்க்கைக் கேளுங்கள். போல்ட் வட்டம் 104 மி.மீ. என்றால் சாதாரணமாக 32 பல்லுக்குக் கீழே போக முடியாது, 30-க்கென்று தனியாகச் செய்த வீல் தேவைப்படும். இது தெரியாமல் கிராங்க் ஒரு கடையிலும் வீல் இன்னொரு கடையிலும் வாங்கினால் இரண்டும் சேராது.

இனி மாட்டுகிற வேலை. இங்கே நம் ஊர் மெக்கானிக்குகள் மேல் எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. அவர்கள் கையில் சுத்தியல் வந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பழைய வண்டிகளில் கிராங்க்கை ஆக்சிலோடு பிடித்து வைத்தது காட்டர் பின். அந்தப் பின்னின் ஒரு பக்கத்தை அரம் வைத்துத் தேய்த்து, ஆக்சிலின் வெட்டுக்குச் சரியாக உட்காரும்படி செய்து, கீழே கட்டை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் அடித்து ஏற்றி, பிறகு நட்டைப் போடுவார்கள். அது கைத்திறன். அந்தப் பின்னுக்கு அடிதான் முறை. இன்றைய கிராங்க்கில் பின் கிடையாது. எஃகு ஆக்சிலின் முனை நாலு பக்கமும் இரண்டு டிகிரி சரிந்து கூர்ந்திருக்கும். அலுமினியக் கிராங்க்கின் சதுரத் துளை அதன் மேல் ஏறி இறுக வேண்டும். ஏற்ற வேண்டியது போல்ட். சுத்தியலால் அடித்தால் அலுமினியத் துளையின் விளிம்பு நசுங்கும். அடியின் அதிர்ச்சி உள்ளே இருக்கிற பால்ஸ் வழியாகப் பாய்ந்து, பால்ஸ் ஓடும் தடத்தில் குழி விழும். ஒரு மாதத்தில் கடகடவென்று சத்தம் வரும். அப்போதும் "வெயிட் வண்டி, அப்படித்தான்" என்ற சமாதானம்தான் கிடைக்கும்.

முறையாகக் கழற்றுவது சிரமமே இல்லை. போல்ட்டை எடுத்த பிறகு துளைக்குள் வாஷர் தங்கியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும். அது உள்ளே கிடக்க, கிராங்க்கை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரை முறுக்கினால் கிராங்க் வராது, மரை பிய்ந்துகொண்டு வரும். புல்லரைக் கையாலேயே கடைசி மரைவரை ஏற்றிவிட்டுப் பிறகுதான் ஸ்பானர் போட வேண்டும். ஒரு கிராங்க் புல்லரின் விலை ஒரு குண்டு டயரின் விலையைவிடக் குறைவு. அது இல்லாத கடையில் கிராங்க் வேலையைக் கொடுக்கக் கூடாது.

கப்பைக் கழற்றும்போது வலது பக்கம் தலைகீழ் மரை என்பது நினைவிருக்க வேண்டும். செயின் இருக்கிற பக்கக் கப்பு கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இடது பக்கம் வழக்கம்போல. பெடலில் இது மாறும், அங்கே இடது பெடலுக்குத்தான் தலைகீழ் மரை. இது தெரியாமல் பைப் போட்டு எதிர்த்திசையில் நெம்பி ஷெல்லின் மரையைத் தின்றுவிட்டால் அந்தச் சட்டத்தையே மறக்க வேண்டியதுதான். புதிய பிபியை, அதாவது ஷெல்லுக்குள் போகும் பாட்டம் பிராக்கெட்டை, ஏற்றும்போது மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, முதல் மூன்று நாலு சுற்று விரலால் மட்டுமே திருப்ப வேண்டும். விரலுக்கு வராதது ஸ்பானருக்கு வந்தால் மரை குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம். பிபி வாங்கும்போது கப்பும் கோனும் தனித்தனியாக வரும் பழைய வகையைத் தவிர்த்து, மூடிய பேரிங் உள்ளதை வாங்குங்கள். சங்கராபரணி மணலும் ஐப்பசி மழைச் சேறும் திறந்த கப்புக்குள் புகுந்தால் பால்ஸ் அரைபடும்.

கிராங்க்கின் போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பானர் இல்லாதவர்களுக்கு: 20 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் 18 முதல் 20 கிலோவைத் தொங்கவிட்டால் விழும் அழுத்தம். புதிய கிராங்க் முதல் சில சவாரிகளில் சற்றே உட்காரும், அப்போது ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தளர்ந்த கிராங்க்கோடு ஓட்டினால் எஃகுச் சதுரம் அலுமினியத் துளையை உருட்டிவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு கிராங்க்கையும் இரண்டு கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் பேரிங். ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க்கின் பிடி போய்விட்டது.

செயினையும் மறக்கக் கூடாது. 42-ஐ எடுத்துவிட்டு 30 போட்டால் செயின் மூன்று அங்குலம் மிஞ்சும். பின்னால் 28-க்குப் பதில் 34 வந்தால் அதில் ஒன்றரை அங்குலம் திரும்பிப் போகும். ஓர் அங்குலம் வெட்டினால் சரியாக இருக்கும். 34 பல்லைத் தாங்குகிற பின்பக்க டீரெய்லர்தானா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வரும் எதிர்வாதம் பணம். "இவ்வளவு செலவு பண்ணி இந்த வண்டியை ஓட்டணுமா?" என்பார்கள். மாடிப்படிக்குக் கீழே துருப்பிடிக்கிற வண்டிக்கும் பணம் போட்டுத்தானே வாங்கினோம்? கிராங்க், பிபி, ஃப்ரீவீல் மூன்றையும் மாற்றுவதற்கு ஆகும் செலவு புது வண்டியின் விலையில் ஒரு பங்குதான். மரக்காணம் கடற்கரை மணலிலும் ஏரி வற்றிய செம்மண்ணிலும் மெல்லிய டயர் புதைந்துபோகும் இடத்தில் ஓடக்கூடிய ஒரே சைக்கிள் இது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பிறகு, ஊரைச் சுற்றிப் பார்க்கச் சைக்கிள் வாடகைக்கு விடலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால், அவர்கள் முதலில் வாங்க நினைப்பதும் பார்வைக்கு மிடுக்கான இந்தக் குண்டு டயர் வண்டியைத்தான் என்று நினைக்கிறேன். 42 பல்லோடு வாங்கிப் போட்டால், சிங்கவரம் போய்த் திரும்புவதற்குள் வாடகைக்கு எடுத்தவர் வெறுத்துவிடுவார்.

விற்கிறவர்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு வரி. டயர் அளவையும் கியர் எண்ணிக்கையையும் அச்சடிக்கிற அதே அட்டையில், ஷெல் எத்தனை மி.மீ., செயின் கோடு எத்தனை மி.மீ. என்று போடுங்கள். ஒற்றை வீல் கிராங்க் போட்ட வண்டி ஒன்றையும் கடையில் நிறுத்தி, வாங்க வருகிறவரை இரண்டையும் ஏதாவது ஓர் ஏரிக்கரை ஏற்றத்தில் மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே டயர், ஒரே காற்று இருக்கட்டும்.